பாம்பன் முதல் டெல்லி மெட்ரோ வரை: ஒரு சிவில் பொறியாளரின் கையில் இருந்த அதிகாரம்

மெட்ரோ நிறுவனம் ஒன்றுக்குப் புதிய தலைவர் வரும்போதெல்லாம் ஒரு பழைய வாக்குவாதம் கிளம்பும். அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் பொறியாளரா, இ.ஆ.ப. (ஐ.ஏ.எஸ்.) அதிகாரியா? பொறியாளர் பக்கம் நிற்பவர்கள், டெல்லி மெட்ரோவைக் கட்டிய சிவில் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரோடு பேச்சும் முடிந்துவிடும். அவர் என்ன செய்தார், எந்த ஏற்பாட்டுக்குள் நின்று செய்தார் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அவருடைய பணிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆள் ஒருவர்தான், படிப்பும் கண்டிப்பும் மாறவில்லை. ஆனாலும் கொல்கத்தாவில் ஒரு கதை, டெல்லியில் வேறு கதை. இடையில் மாறியது, முடிவெடுக்கும் அதிகாரம் எந்த மேசையில் இருந்தது என்பதே. இந்தக் கட்டுரை அதைத்தான் பின்தொடர்கிறது.

முதலில் சில சொற்கள்

மெட்ரோ வேலையில் அடிக்கடி அடிபடும் பதவிகளையும் சொற்களையும் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

1. நிர்வாக இயக்குநர்: நிறுவனத்தின் அன்றாடத் தலைவர். டெண்டர், பணம், ஆள் நியமனம் எல்லாம் இவர் கையெழுத்தில் நகரும். எவ்வளவு தொகை வரை நகரும் என்பதுதான் முக்கியம்.
2. திட்ட இயக்குநர்: கட்டுமானத்துக்குப் பொறுப்பானவர். இவர் பொறியாளராகவே இருப்பார். சென்னையில் நிர்வாக இயக்குநர் இ.ஆ.ப. அதிகாரி, அவருக்குக் கீழே திட்ட இயக்குநர் பொறியாளர் என்பதே வழக்கமான அமைப்பு.
3. பொது ஆலோசகர்: வடிவமைப்பைச் சரிபார்க்கவும், ஒப்பந்ததாரரின் வேலையைக் கண்காணிக்கவும் அமர்த்தப்படும் ஆலோசனை நிறுவனங்களின் கூட்டு.
4. விரிவான திட்ட அறிக்கை: பாதை, நிலையங்கள், மண், பயணிகள் எண்ணிக்கை, செலவு, வருமானம் எல்லாம் அடங்கிய ஆவணம். அரசின் ஒப்புதலும் வெளிநாட்டுக் கடனும் இதை வைத்துத்தான்.
5. மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர்: இவர் சான்றிதழ் தராமல் பயணிகளை ஏற்ற முடியாது. இவர் மெட்ரோ நிறுவனத்தின் ஆள் இல்லை. ஆணையரகம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கட்டுகிறவரே தன் வேலைக்குச் சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிப்பு.

பாம்பன்: 46 நாள் கணக்கு

ஸ்ரீதரன் 1932இல் இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் பிறந்தவர். காக்கிநாடா அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தார். மத்தியத் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வில் தேறி, 1954 டிசம்பரில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தார்.

பத்து ஆண்டு கழித்து, 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. 1914இல் திறக்கப்பட்ட பாலம் அது, 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் போவதற்காகத் தூக்கித் திறக்கும் ஷெர்சர் பகுதி தப்பித்தது. தூண்களிலும் பெரும்பாலானவை நின்றன. தூணுக்குத் தூண் கிடந்த இரும்பு கர்டர்களில் 126 கடலுக்குள் போய்விட்டன.

ரயில்வே நிர்ணயித்த கெடு ஆறு மாதம். தெற்கு ரயில்வேயின் மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலை 46 நாளில் முடிந்தது.

இந்த 46 நாளை வீரக் கதையாகச் சொல்வது வழக்கம். கணக்காகப் பார்த்தால் அதைவிடச் சுவையாக இருக்கும். 126 கர்டரை 46 நாளில் வகுத்தால் நாளொன்றுக்கு மூன்றுகூட வராது. தூண்கள் தயாராக இருக்கின்றன, தூக்கி வைக்கும் ஏற்பாடும் ஒருமுறை அமைந்துவிட்டது என்றால், அந்த வேகம் எட்டக்கூடியதுதான். தடை இருந்தது கர்டர் கிடைப்பதில். நாட்டின் பல மூலைகளிலிருந்து கர்டர்களைத் திரட்டி, பாலத்தின் நிலப்பக்கத்து ஊரான மண்டபம் வரை ரயிலில் கொண்டுவருவது முதல் திட்டம். ஆறு மாதக் கெடு அந்தத் திட்டத்திலிருந்து வந்ததுதான். விழுந்த கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்பதை மீனவர்கள் காட்டினார்கள். அவற்றையே தூக்கிச் சரிபார்த்துத் திரும்ப ஏற்றலாம் என்றானதும், கெடுவை நீட்டிக்கொண்டிருந்த காரணமே போய்விட்டது.

திட்ட மேலாண்மையில் இதற்குத் தீர்மானப் பாதை என்று பெயர். நூறு வேலை நடந்தாலும் முடிவு நாளை நிர்ணயிப்பது ஒரு சங்கிலிதான். மற்ற வேலைகளை எவ்வளவு முடுக்கினாலும் அந்தச் சங்கிலி குறையாவிட்டால் ஒரு நாளும் மிச்சமாகாது. பாம்பனில் அந்தச் சங்கிலி, கர்டர் வரும் வழி. அதை மாற்றியதுதான் அங்கே நடந்தது. அவசர நிலை என்பதால் மாற்றும் அதிகாரமும் களத்திலேயே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

கொல்கத்தா: அதே பொறியியல், வேறு ஏற்பாடு

1970இல் கொல்கத்தா மெட்ரோவின் திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் துணைத் தலைமைப் பொறியாளராகப் போனார். இந்தியாவின் முதல் மெட்ரோ அது. 1972 டிசம்பர் 29இல் அடிக்கல். முதல் 3.4 கிலோமீட்டர், எஸ்பிளனேட் முதல் பவானிபூர் வரை, திறந்தது 1984 அக்டோபர் 24இல். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் ஓடத் தொடங்கியது 1995இல். 16 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 23 ஆண்டு.

ஸ்ரீதரன் 1975இலேயே அங்கிருந்து மாறிவிட்டார், ஆகவே இந்தத் தாமதத்தை அவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் காரணங்களைப் பார்த்தால் டெல்லியில் அவர் எதையெல்லாம் முதலிலேயே கேட்டு வாங்கினார் என்பது புரியும்.

1. பணம் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் துளித்துளியாக வந்தது. ஒப்பந்ததாரருக்கு அடுத்த ஆண்டு பணம் வருமா என்பதே தெரியாத நிலை.
2. திட்டம் ரயில்வேயின் ஒரு பிரிவாக நடந்தது. நாடு முழுக்க உள்ள பாதைகளோடு அதே பணத்துக்குப் போட்டியிட்டது.
3. முறை, சாலையைத் தோண்டி, பக்கச் சுவர் கட்டி, மேலே மூடுவது. கொல்கத்தா மண் இளகிய களிமண், நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். தோண்டிய பள்ளம் நாட்கணக்கில் திறந்து கிடந்தால் பக்கத்துக் கட்டடங்கள் அசையும். அதற்காக மெதுவாகப் போனால் சாலை ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்கும்.
4. சாலைக்கு அடியில் இருந்த சாக்கடை, தண்ணீர்க் குழாய், கேபிள்களுக்கு நம்பகமான வரைபடம் இல்லை. தோண்டினால்தான் தெரியும்.

நான்கில் மூன்றாவது மட்டுமே பொறியியல் சிக்கல். மற்றவை நிர்வாகத்தால் வந்தவை.

பிறகு 1979இல் கொச்சி கப்பல் கட்டும் தளம். அங்கே கட்டிய முதல் கப்பலான ராணி பத்மினி 1981இல் நீரில் இறங்கியது. போக்குவரத்துக்கு நேர்த் தொடர்பு இல்லாத இடம்தான், ஆனால் அரசுத் துறைக்கும் அரசு நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தலைவராக இருந்து அனுபவித்தது அங்கேதான். அதன்பின் மேற்கு ரயில்வே பொது மேலாளர், ரயில்வே வாரியத்தில் பொறியியல் உறுப்பினர். 1990இல் ஓய்வு.

கொங்கண்: துறையிலிருந்து நிறுவனமாக

ஓய்வுக்குப் பிறகுதான் பெரிய வேலைகள் வந்தன. மும்பைக்குத் தெற்கே ரோஹாவிலிருந்து மங்களூர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 760 கிலோமீட்டர். ஏறக்குறைய 90 சுரங்கம், சிறிதும் பெரிதுமாக 2,000 பாலம். மிக நீளமான கர்புடே சுரங்கம் 6.5 கிலோமீட்டர். ரத்னகிரி அருகே பான்வல் ஆற்றுப் பாலத்தின் உயரம் 64 மீட்டர்.

இதற்காக 1990இல் கொங்கண் ரயில்வே கழகம் என்ற தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. பங்கில் 51 விழுக்காடு ரயில்வேக்கு, மிச்சம் மகாராஷ்டிரா, கர்நாடகா, கோவா, கேரளா ஆகிய நான்கு மாநிலங்களுக்கு. மீதிப் பணம் சந்தையில் பத்திரம் விற்றுத் திரட்டப்பட்டது. ஆண்டு பட்ஜெட்டுக்காகக் காத்திருக்கும் நிலை இல்லை. கடனுக்கு வட்டி ஓடுவதால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஒரு விலை இருந்தது. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று பின்னோக்கி எண்ணும் பலகைகள் அலுவலகங்களில் தொங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பான்வல் பாலத்தில் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. 64 மீட்டர் உயரத்துக்குச் சாரம் கட்டுவது நடக்காத காரியம். அதனால் கரையில் ஒரு துண்டு கான்கிரீட் வார்ப்பது, ஜாக்கி வைத்து அதைத் தூண்களின் மேல் முன்னால் தள்ளுவது, பின்னால் காலியான இடத்தில் அடுத்த துண்டை வார்ப்பது என்று பாலத்தையே நகர்த்தி நகர்த்திக் கட்டினார்கள்.

உண்மையில் தொல்லை கொடுத்தது கெட்டிப் பாறை இல்லை. பாறையைக் குடைவதற்கு இயந்திரம் உண்டு. கோவாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நீர் ஊறிய மென்மண் சுரங்கங்கள் இருந்தன. குடைந்த முகப்பு பற்பசை போலப் பிதுங்கி வரும். நேற்று முன்னேறிய தூரத்தை இன்று மண் மூடிவிடும். ஒட்டுமொத்தப் பாதையும் 1998 ஜனவரி 26 வரை இழுத்ததில் இந்தச் சில சுரங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வேகத்தின் கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே சரிந்து விழுந்த பாறையில் ரயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே அதே மழைக்காலத்தில் மத்ஸ்யகந்தா விரைவு ரயில் பாறையில் மோதித் தடம் புரண்டது. மலையை வெட்டிய இடங்களின் சரிவுகள் செங்குத்தாக இருந்தன. அதன்பின் வலை போடுவது, சரிவைத் தட்டையாக்குவது, ரோந்து என்று பல ஆண்டு வேலை நடந்தது. இன்றும் கொங்கண் பாதைக்கு மழைக்காலத்தில் தனி அட்டவணை, வேகம் குறைவு. பாதையைத் திறந்த நாளில் செலவுக் கணக்கு முடிந்துவிடவில்லை என்பதற்கு அந்த அட்டவணையே சாட்சி.

டெல்லி: கேட்டு வாங்கிய அதிகாரங்கள்

டெல்லி மெட்ரோ ரயில் கழகம் 1995இல் பதிவானது. மத்திய அரசும் டெல்லி அரசும் சரிபாதிப் பங்கு. 1997 நவம்பரில் ஸ்ரீதரன் நிர்வாக இயக்குநர் ஆனபோது வயது 65. 1998 அக்டோபரில் கட்டுமானம் தொடங்கியது. 2002 டிசம்பர் 24இல் ஷாதரா முதல் தீஸ் ஹஜாரி வரை முதல் பாதை திறந்தது. 65 கிலோமீட்டர் முதல் கட்டம் 2005இல் முடிந்தது. திட்டமிட்டதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு முன்பே. சுமார் 125 கிலோமீட்டர் இரண்டாம் கட்டம் 2011இல் நிறைவடைந்தது, அந்த ஆண்டின் கடைசி நாளில் அவரும் பதவியிலிருந்து இறங்கினார்.

கொல்கத்தாவில் இல்லாமல் இங்கே இருந்தவை:

1. டெண்டர் முடிவு நிறுவனத்துக்குள்ளேயே. ஒவ்வொரு ஒப்பந்தமும் அமைச்சகம் அமைச்சகமாகச் சுற்றவில்லை.
2. பணம் முன்கூட்டியே உறுதி. முதல் கட்டச் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஜப்பானியக் கடன். கடன் ஒப்பந்தம் கையில் இருந்தால் ஒப்பந்ததாரர் பயமில்லாமல் இயந்திரம் வாங்குவார்.
3. பில் தேங்காதது. பெரும்பகுதியை உடனே கொடுத்துவிட்டு, மீதியைச் சரிபார்த்தபின் கொடுப்பது. கட்டுமானத் தொழிலை அறிந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். பில் மூன்று மாதம் நின்றால் ஒப்பந்ததாரர் கூலி ஆட்களைக் குறைப்பார், சப்ளையர் கம்பியை நிறுத்துவார், களம் தானாகவே மெதுவாகிவிடும்.
4. உச்சத்தில் ஒரே இடம். துறைகளுக்குள் சிக்கல் வந்தால் தீர்க்க அமைச்சரவைச் செயலர் மட்டத்துக் குழுவும் அமைச்சர்கள் குழுவும் இருந்தன.
5. சிறிய அமைப்பு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் துறைத் தலைவர்கள் முடிவெடுத்தால் அது அன்றைக்கே களத்துக்குப் போகும்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. உலக மெட்ரோக்கள் பெரும்பாலும் ஓடும் 1,435 மில்லிமீட்டர் தரப்பாதையை அவர் கேட்டார். வளைவுகளில் எளிது, பெட்டிகளும் பல நாடுகளில் கிடைக்கும். ரயில்வே தன் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைதான் என்று நின்றது, முதல் கட்டத்தில் அதுவே வென்றது. இரண்டாம் கட்டத்தில் சில பாதைகள் தரப்பாதைக்கு மாறின. விளைவு, ஒரே நகரத்து மெட்ரோவில் இரண்டு அகலம். ஒரு பாதையின் ரயிலை அவசரத்துக்கு மற்றதில் விட முடியாது, பணிமனைகளும் தனித்தனி.

ஏன் ஒரு தூண் ஒரு பாதையையே நிறுத்தும்

உயர்பாதை கட்டும் வரிசையைப் பார்த்தால், சிவில் பொறியாளர் தலைமையில் இருப்பதன் பயன் எங்கே என்பது விளங்கும்.

தூணுக்குத் தூண் 28 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 36 ஸ்பான், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதி. ஒவ்வொரு தூணுக்கும் நான்கோ ஆறோ பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் கால்), அவற்றின் மேல் தொப்பிக் கான்கிரீட், தூண், தூணின் தலை. மேலே போகும் பாலம் அங்கேயே வார்க்கப்படுவதில்லை. ஊருக்கு வெளியே வார்ப்புக் களத்தில் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டை அச்சாக வைத்து வார்க்கப்படும். ஒரு ஸ்பானுக்குப் பத்துத் துண்டு என்றால் கிலோமீட்டருக்கு 360. ஒரு அச்சில் நாளைக்கு ஒரு துண்டுதான் எடுக்கலாம். பத்து அச்சு இருந்தால் 36 நாள்.

இரவில் டிரெய்லரில் வரும் துண்டுகளை லாஞ்சிங் கர்டர் தூக்கும். இரண்டு தூண்களின் தலையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய இரும்புச் சட்டகம் அது. துண்டுகளைத் தொங்கவிட்டு, முகங்களில் எபாக்ஸி பசை பூசி, உள்ளே கம்பிக் கயிறுகளை இழுத்து இறுக்கினால் ஸ்பான் தயார். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் கிலோமீட்டருக்கு மூன்றரை மாதம்.

சிக்கல் இங்கேதான். லாஞ்சிங் கர்டர் வரிசையாக மட்டுமே நடக்கும். 36 தூணில் 35 தயார், 19ஆம் தூண் மட்டும் இல்லை என்றால் 18ஆம் தூணில் அது நின்றுவிடும். தாண்டிப் போக வேண்டுமானால் முழுவதையும் பிரித்து, அந்தப் பக்கம் கொண்டுபோய்த் திரும்பப் பூட்ட வேண்டும். வாரக்கணக்கில் வேலை. இதற்குள் வார்ப்புக் களத்தில் துண்டுகள் குவிந்து, வைக்க இடமில்லாமல் வார்ப்பும் நிற்கும். அந்த 19ஆம் தூணைத் தடுத்திருப்பது பெரும்பாலும் ஒரு பழைய கழிவுநீர்க் குழாயாகவோ, நீதிமன்றத்தில் கிடக்கும் ஒரு கடையாகவோ இருக்கும்.

தலைவர் பொறியாளர் என்றால் அந்த ஒரு குழாயின் விலை என்ன என்பது அவருக்கு யாரும் விளக்காமலே தெரியும். ஆனால் குழாயை மாற்றுவது குடிநீர் வாரியத்தின் வேலை, கடையை எடுப்பது வருவாய்த் துறையின் வேலை. அவர்களை அசைக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் அந்த அறிவால் ஒன்றும் ஆகாது. இந்த இடத்தில் ஓர் இ.ஆ.ப. அதிகாரியின் தொலைபேசி அழைப்பு பொறியாளரின் கணக்கைவிட வேகமாக வேலை செய்யும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தவறியவை

2009 ஜூலை 12இல் தெற்கு டெல்லி ஜம்ரூத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலம் லாஞ்சிங் கர்டரோடு சரிந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அங்கே தூணின் தலை ஒரு பக்கமாக நீண்ட கை போல இருந்தது. சுமை தூணின் நடுவில் இறங்காமல் அந்தக் கையின் நுனியில் இறங்கும்போது, கையின் மேல்பகுதி இழுபட்டுப் பிளக்கப் பார்க்கும். மேல்பக்கக் கம்பிகளின் அளவும், தூணுக்குள் அவை பிடித்திருக்கும் நீளமும், கான்கிரீட்டின் வலுவும் அதைத் தாங்க வேண்டும். அந்தத் தூணில் முன்பே விரிசல் கண்டு சரிசெய்யும் வேலை நடந்திருந்தது. விசாரணையில் வடிவமைப்பிலும் கான்கிரீட்டிலும் குறை தெரிந்தது. அன்றே ஸ்ரீதரன் பொறுப்பேற்று விலகல் கடிதம் கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. மறுநாள் இடிபாட்டை அகற்றும்போது கிரேன்களும் சரிந்தன.

கெடுவை விடாமல் துரத்தும் ஓர் அமைப்பில், விரிசல் கண்ட தூணின் மேல் வேலையைத் தொடரலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவர் கெடுவுக்குப் பொறுப்பானவராக இருக்கக் கூடாது. பாராட்டு விழாக்களில் இது பேசப்படுவதில்லை.

மற்றொன்று விமான நிலைய விரைவுப் பாதை. கட்டுமானம் டெல்லி மெட்ரோவுடையது, இயக்கம் தனியார் பங்காளியுடையது. 2011இல் திறந்தது. பாலத்தையும் தூணையும் இணைக்கும் பேரிங் பகுதியில் குறை கண்டு 2012 ஜூலையில் மூடி, 2013 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். பங்காளி அதே ஆண்டு விலகினார். நடுவர் மன்றம் மெட்ரோவுக்கு எதிராகப் பல ஆயிரம் கோடி தீர்ப்பளித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2024 ஏப்ரலில் சீராய்வையும் தாண்டிய கடைசி மனுவில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர் என்றால் குறை யாருடையது என்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் வழக்கு.

பயணிகள் கணிப்பும் தவறியது. முதல் கட்டத்துக்குத் திட்ட அறிக்கை சொன்ன எண்ணிக்கைக்குப் பல மடங்கு கீழேதான் தொடக்க ஆண்டுகளில் கூட்டம் வந்தது. மத்தியத் தணிக்கைத் துறை இதைச் சுட்டிக்காட்டியது. பாதைகள் பின்னி வலையானபிறகுதான் கூட்டம் ஏறியது.

இல்லை என்று சொல்வதும் தலைமையின் வேலைதான். 2008இல் ஹைதராபாத் மெட்ரோவைத் தனியாருக்குக் கொடுத்த விதம் ரயிலைவிட நிலத்தின் மேல் கண் வைத்தது என்று ஸ்ரீதரன் திட்டக் குழுவுக்கு எழுதினார். ஆந்திர அரசு கொதித்தது. அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தம் ரத்தானது.

சென்னையில் இதைப் பொருத்திப் பார்த்தால்

சென்னை முதல் கட்டத்துக்குத் திட்ட அறிக்கை தயாரித்தது டெல்லி மெட்ரோதான். பாதை 2015 ஜூன் 29இல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே தொடங்கியது. அண்ணா சாலைச் சுரங்கத்தில் ஒப்பந்ததாரர் நடுவே போனதால் மறு டெண்டர் விட வேண்டியிருந்தது. அந்த இழப்பு, தலைவர் இ.ஆ.ப.வா பொறியாளரா என்பதால் கூடியிருக்காது, குறைந்திருக்கவும் செய்யாது.

118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில். அந்த இடைவெளி முழுவதும் சுமையைத் தாங்கியது மாநில அரசு. ஆகவே புதிய நியமனச் செய்தியைப் படிக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் உள்ள பட்டத்தை விட்டுவிட்டு இவற்றைத் தேடிப் பார்க்கலாம்:

1. எத்தனை கோடி வரை டெண்டரை அவரே முடிவு செய்யலாம்?
2. இந்த ஆண்டுக்கான பணம் கணக்கில் இருக்கிறதா, அறிவிப்பில் மட்டுமா?
3. குழாய், கேபிள் மாற்றும் துறைகள் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவையா?
4. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கெடுவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் தனியாக இருக்கிறதா?
5. அவருக்கு எத்தனை ஆண்டு? ஸ்ரீதரன் டெல்லியில் 14 ஆண்டு இருந்தார். இரண்டு ஆண்டில் மாற்றலாகிறவருக்குத் தான் பைல் போட்ட தூணின் மேல் ரயில் ஓடுவதைப் பதவியில் இருந்து பார்க்கும் வாய்ப்பே வராது.

பாம்பனில் பழைய பாலத்தின் மேல் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றது. பக்கத்தில் எழுந்த புதிய பாலத்தில் 18.3 மீட்டர் ஸ்பான் 99, கப்பலுக்காக நேர்மேலே உயரும் 72.5 மீட்டர் ஸ்பான் ஒன்று. 2025 ஏப்ரல் 6இல் அது திறக்கப்பட்டது. 1964இல் தப்பித்த ஷெர்சர் பகுதிக்கு இப்போது வேலை இல்லை.